முதுகில் ஒட்டிய தூசி

பொய் வலியைக் கண்டுபிடிப்பதுதான் அவளுடைய பிழைப்பு. விபத்தில் அடிபட்டேன், இழப்பீடு கொடுங்கள் என்று காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுதிப் போடுகிறவர்களை நேரில் போய்ப் பார்ப்பாள். நிஜமாகவே முதுகு போய்விட்டதா, இல்லை முதுகைக் காட்டிக் காசு பார்க்கிறார்களா என்று அறிக்கை கொடுப்பாள். அலுவலகத்தில் அவளுக்கு எக்ஸ்ரே மேடம் என்று பட்டப்பெயர். முகத்துக்கு நேரே யாரும் சொன்னதில்லை. ஆனாலும் அவளுக்குத் தெரியும். தெரிந்ததில் உள்ளூரக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

அவள் கைவசமிருந்த பெரிய வித்தை ஒரு சாதாரணப் பேனா. குனியவே முடியவில்லை என்று முனகுகிற ஆளுக்கு எதிரே உட்கார்ந்து, பேச்சு வாக்கில் பேனாவை நழுவ விடுவாள். பாவம், மரியாதை தெரிந்த மனிதர்கள். பழக்க தோஷத்தில் சட்டென்று குனிந்து எடுத்துக் கையில் கொடுத்துவிடுவார்கள். கொடுத்த பிறகுதான் காரியம் கெட்டது உறைக்கும். அவளும் ரொம்ப நன்றி என்று வாங்கிக்கொண்டு, அதே பேனாவால் அவர்கள் தலையெழுத்தை எழுதிவிட்டு வருவாள்.

அப்படிப்பட்டவள் வீட்டிலேயே, அலமாரிக்குப் பின்னால் ஒரு ஜோடி புது ஷூ ஒளிந்திருந்தால் சும்மா விடுவாளா?

ஷூ அவள் கணவருடையது. கடைவீதியில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிற மனிதர். அறுபதைத் தாண்டியவர். நாளெல்லாம் உயரமான ஸ்டூலில் உட்கார்ந்து, அடுத்தவர் மூக்கில் பிரேம் பொருந்துகிறதா என்று பார்ப்பதைத் தவிர உடம்பை அசைத்து அறியாதவர். தெருமுனைக்குப் போவதற்கும் வண்டிச் சாவியைத் தேடுகிற ரகம். ஓடுகிற ஷூவுக்கும் அவருக்கும் என்ன சம்பந்தம்?

கேட்டாள். ஜிம்மில் சேர்ந்திருப்பதாகச் சொன்னார். சேர்ந்தது மட்டுமில்லை, தனக்கென்று தனியாக ஒரு மாஸ்டரையும் அமர்த்தியிருக்கிறாராம். முதலில் ஒரு மாதம், பிடித்திருந்தால் தொடரலாம் என்று ஏற்பாடாம். இவ்வளவையும் சட்டைப் பொத்தானைப் பார்த்துக்கொண்டே சொன்னார். பொத்தானிடம் பேசுகிறவர்களை அவள் நிறையவே பார்த்திருக்கிறாள்.

"ஊரே கூட்டத்தோட சேந்து செய்யுது. உங்களுக்கு மட்டும் தனி மாஸ்டர் எதுக்கு?"

"எனக்குன்னு பாத்துச் சொல்ல ஒரு ஆள் வேணும்."

"என்ன சொல்றார் அவரு?"

"உடம்பை எப்படி வெச்சுக்கணும்னு சொல்றார்."

இது பதிலே இல்லை. சந்தேகத்துக்கு வேறு காரணமும் இருந்தது. மாதக் கடைசியில் அவள் மகளிடம் போவதாக இருந்தாள். தூர தேசத்தில் இருக்கிற மகளுக்குத் தலைப்பிரசவம். படுக்கையை விட்டு இறங்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மருமகன் கப்பலில் வேலை செய்பவர். பிள்ளை பிறந்த பிறகுதான் கரைக்கு வருவார். வருஷக்கணக்காகச் சேர்த்து வைத்த விடுப்பையெல்லாம் ஒன்றாக எடுத்து, டிக்கெட்டும் வாங்கியாகிவிட்டது. கல்யாணமான நாள் முதல் அவள் இத்தனை நீண்ட காலம் வீட்டை விட்டு இருந்ததில்லை. மனைவி கிளம்பப் போகிற நேரம் பார்த்து ஒரு மனிதருக்கு உடம்பைப் பற்றிக் கவலை வருமானால், அது யாருக்காக?

பழைய கணக்கு ஒன்றும் தீராமல் கிடந்தது. சில மாதங்களுக்கு முன் வேலை விஷயமாக வெளியூர் போயிருந்தபோது, ஒருநாள் முழுக்க அவருக்குப் போன் அடித்துக்கொண்டே இருந்தாள். எடுக்கவில்லை. கடைக்குப் பக்கத்துக் கடையில் விசாரித்தால், இன்றைக்குக் கடையே திறக்கவில்லையே என்றார்கள். சாயங்காலம் ஒருவழியாகப் போனை எடுத்தவரிடம் எங்கே இருந்தீர்கள் என்று கேட்டாள். "கடையிலதான். போனு சைலன்ட்ல இருந்துச்சு" என்றார். பொய் என்று தெரிந்தும் அவள் வாயைத் திறக்கவில்லை. பிடித்துவிட்டோம் என்று காட்டிக்கொண்டால் அடுத்த பொய் உஷாராகிவிடும் என்பது அவள் தொழிலின் பாலபாடம். ஆனால் அந்தப் பொய் அன்றிலிருந்து செரிக்காத சோறு மாதிரி நெஞ்சிலேயே நின்றது.

இந்த மாஸ்டர் தேவையா, தண்டச் செலவா என்று ஊருக்குக் கிளம்புவதற்குள் தானே முடிவு சொல்வதாக அறிவித்தாள். சரி, நீயே சொல்லு என்று உடனே ஒப்புக்கொண்டார். எதிர்த்துப் பேசியிருந்தால்கூட நம்பியிருப்பாள்.

விசாரணை தொடங்கியது. முதல் வாரம் தொப்பையைக் கவனித்தாள். அது வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தது. எடை பார்க்கும் கருவியில் ஏற்றினாள். முள் பழைய இடத்திலேயே பிடிவாதமாக நின்றது. பையைத் திறந்து பார்த்தால் சட்டையில் வியர்வை வாடை பேருக்குக்கூட இல்லை. மாறாக, முதுகுப் பக்கம் முழுக்கத் தூசி. கால்சட்டையின் முழங்கால் இரண்டும் தேய்ந்து வெளுத்திருந்தன. முழங்கையில் ஒரு கன்றிப்போன தழும்பு. உடற்பயிற்சி செய்கிறவனுக்கு வியர்க்கும். முதுகில் தூசி படிய அங்கே என்னதான் நடக்கிறது? இவர் பாட்டுக்குப் படுத்துத் தூங்க, அந்த ஆள் உட்கார்ந்தபடியே கூலி வாங்குகிறானா? போகப்போக மனசு இன்னும் மோசமான இடங்களுக்கெல்லாம் போய் வந்தது. அதையெல்லாம் அவளே வெளியே சொல்லிக்கொள்ள மாட்டாள்.

ஒருநாள் மாலை, ஹாலில் அவர் டீ குடித்துக்கொண்டிருக்கும்போது, பக்கத்தில் உட்கார்ந்து பேனாவை நழுவ விட்டாள்.

அவர் பேனாவைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். பிறகு கால் கட்டைவிரலால் பேனாவை மெல்லத் தள்ளினார். அது உருண்டு சோபாவுக்கு அடியில் போய்விட்டது. "போனா போகுது, அலமாரியில வேற பேனா இருக்கு பாரு" என்று சிரித்தார்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு மாதம் முடியப் போகிறது. தனி மாஸ்டர் வைத்துச் சொல்லிக் கொடுத்தும் ஒரு பேனாவை எடுக்கத் துப்பில்லை. ஆக மோசடி உறுதி. ஏமாற்றுகிறவன் யார், ஏமாறுகிறவர் யார் என்பதுதான் பாக்கி.

மறுநாள் மதியம், சோதனைக்குப் போன இடத்திலிருந்து நேரே ஜிம்முக்குப் போனாள், சேர வந்த ஆள் மாதிரி. முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி போட்ட ஒரு கூடம். தரையில் ரப்பர் விரிப்பு, மூலையில் இரும்புக் குண்டுகள். மாஸ்டர் டப்பாவிலிருந்து அவித்த முட்டையை எடுத்து எடுத்து விழுங்கிக்கொண்டிருந்தார். கழுத்து என்று தனியாக ஒன்று அவருக்கு இல்லை. தலை நேராகத் தோளில் உட்கார்ந்திருந்தது.

எவ்வளவு நாளில் இளைப்பேன் என்று கேட்டாள். தெரியாது என்றார். உத்தரவாதம் ஏதாவது உண்டா என்று கேட்டாள். கிடையாது என்றார். வாய் கூசாமல் வாக்குறுதி கொடுக்கிற திருடர்களை அவளுக்குப் பழக்கம். வாக்குறுதியே கொடுக்காத திருடன் எவ்வளவு கைதேர்ந்தவனாக இருக்க வேண்டும் என்று மனசுக்குள் குறித்துக்கொண்டாள்.

"அப்ப எதை நம்பிக் காசு குடுக்கிறது?"

"வீட்ல நீங்களே செஞ்சுக்குவீங்கன்னா குடுக்கவே வேண்டாம்மா."

"செய்ய வேண்டியதை நான் செய்யப்போறேன். உங்களுக்கு என்னதான் வேலை?"

மாஸ்டர் முட்டையை மென்று முடித்துவிட்டு யோசித்தார். "பக்கத்துல நிக்கிறது" என்றார்.

இவ்வளவு வெட்கமில்லாத ஒப்புதல் வாக்குமூலத்தை அவள் தன் சர்வீஸில் கேட்டதில்லை. விடாமல், உங்களிடம் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் வருகிறாராமே, அவருக்கு என்ன சொல்லித் தருகிறீர்கள் என்று போட்டுப் பார்த்தாள். அவர் டப்பாவை மூடினார். வருகிறவர்கள் விஷயத்தை வெளியே பேசுவதில்லை என்று, அதுவரை இருந்த சிரிப்பும் இல்லாமல் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். மறைக்க ஒன்றுமில்லாதவன் எதற்காக டப்பாவை மூட வேண்டும்?

அடுத்த நாள் காலை கணவர் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பியதும், இவளும் அலுவலகம் போவதாகச் சொல்லிப் பின்னாலேயே கிளம்பினாள். ஜிம்முக்கு எதிரே ஒரு ரொட்டிக் கடை. ஜன்னலோரம் இடம் பிடித்து, டீயை வாங்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். எத்தனையோ பேரை இப்படி உட்கார்ந்து பார்த்திருக்கிறாள். கட்டின கணவரைப் பார்ப்பது இதுவே முதல்முறை.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம், அவள் கணவர் தரையில் மல்லாந்து கிடந்தார். வயிறு மேடாக எழும்பித் தாழ்ந்தது. பக்கத்தில் மாஸ்டர், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, தூண் மாதிரி நின்றார். வேறொன்றும் நடக்கவில்லை.

பிறகு கணவர் ஒருக்களித்தார். முழங்கையை ஊன்றினார். எழும்பப் பார்த்தார்; முழங்கை வழுக்கி, தோள் தரையில் மோதியது. மாஸ்டர் அசையவில்லை. மறுபடி புரண்டார், மறுபடி ஊன்றினார், மறுபடி விழுந்தார். பக்கத்தில் நிற்கிற அந்த மனிதன் ஒரு கை கொடுக்க வேண்டுமே, கொடுக்கவில்லை. ஏதோ சொன்னான், அவர் தலையை ஆட்டினார். முகமெல்லாம் சிவந்திருந்தது. முப்பது வருஷத்துக்கு மேல் தன்னோடு வாழ்ந்த மனிதர் ஒரு முரடன் காலடியில் கவிழ்ந்த வண்டு மாதிரி கிடந்து தவிப்பதை அவளால் உட்கார்ந்து பார்க்க முடியவில்லை. இதற்காகவா காசு கொடுக்கிறார்? வேடிக்கை பார்க்கவா அவன் கூலி வாங்குகிறான்?

டீக்குக் காசை வைத்துவிட்டுச் சாலையைக் கடந்தாள். கதவைத் தள்ளிக்கொண்டு அவள் உள்ளே நுழைந்தபோது அவர் எப்படியோ கவிழ்ந்து, கைகளையும் முழங்கால்களையும் ஊன்றி நின்றிருந்தார். ஒரு காலை முன்னால் கொண்டுவந்து பாதத்தைத் தரையில் பதித்தார். அந்த முழங்காலில் இரண்டு கைகளையும் வைத்து அழுத்தினார். தொடை வெடவெடவென்று நடுங்கியது. ஊன்றியிருந்த மற்ற முழங்கால் தரையை விட்டு எழும்பத் தொடங்கியது.

அவள் ஓடிப்போய் இரண்டு அக்குளிலும் கை கொடுத்து ஒரே தூக்காகத் தூக்கி நிறுத்தினாள்.

"போதும். வீட்டுக்குப் போகலாம் வாங்க."

அவர் நின்றார். அவளைப் பார்த்தார். கோபம் இருந்தால் அவளுக்குப் பதில் சொல்லத் தெரியும். அந்த முகத்தில் கோபம் இல்லை. பரிசு வாங்க மேடை ஏறிய பிள்ளையை யாரோ கையைப் பிடித்து இறக்கிவிட்ட மாதிரி ஒரு முகம்.

மாஸ்டர் பின்னால் கட்டியிருந்த கையை அவிழ்த்தார். அவள் யாரென்று இப்போதுதான் அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். "ஒரு நிமிஷம் பொறுத்திருக்கலாம்மா" என்றார். "இன்னிக்குத்தான் மொத தடவை."

எதற்கு முதல் தடவை என்று கேட்காமலே அவள் கணவரின் பையை எடுத்துக்கொண்டாள்.

வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திய பிறகு, இறங்காமல், ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே அவர் சொன்னார். அவள் வெளியூர் போயிருந்த அன்றைக்குக் காலை, மேஜையில் வைத்திருந்த போனை எடுக்க வந்தவர், மிதியடி வழுக்கி ஹாலில் விழுந்துவிட்டாராம்.

"அடி பட்டுதா?"

"ஒரு கீறல்கூட இல்ல. வலியும் இல்ல. எழுந்திருக்கத்தான் தெரியல."

சோபாவைப் பிடிக்கப் பார்த்தால் அது தள்ளிக்கொண்டே போனதாம். நாற்காலி சாய்ந்து மேலேயே விழுந்ததாம். மேஜை மேல் போன் அடித்திருக்கிறது, நின்றிருக்கிறது, திரும்ப அடித்திருக்கிறது. அவள்தான் என்று அவருக்குத் தெரியும். படுத்தபடியே அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு கிடந்திருக்கிறார். சாயங்காலம் தண்ணீர் கேன் போட வந்த ஆள், உள்ளேயிருந்து குரல் கேட்டு, பூட்டாத கதவைத் திறந்து வந்து, கேனைத் தூக்குகிற மாதிரியே அவரையும் தூக்கி நிறுத்திவிட்டுப் போனானாம். டாக்டரிடம் காட்டியதில் எலும்பு நன்றாக இருக்கிறது, காலில்தான் பலமே இல்லை, விழுந்தால் எழுந்திருக்க யாரிடமாவது பழகிக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்.

"ஏங்க எங்கிட்ட சொல்லல?"

"சொல்லியிருந்தா டிக்கெட்டைக் கிழிச்சுப் போட்டுட்டு இங்கயே உக்காந்திருப்பே. அங்க அவ தனியா படுத்துக் கெடக்கிறா." வண்டிச் சாவியை உருவிக்கொண்டே, "நீ போற வரைக்கும் மறைச்சா போதும், அதுக்குள்ள கத்துக்கலாம்னு பாத்தேன்" என்றார்.

அவளுக்கு வெட்கமாக இருந்தது. சாதாரண வெட்கம் இல்லை, தொழில் வெட்கம். நோயை நடிக்கிறவர்களைப் பிடித்துப் பிடித்தே அவள் கண் பழகிவிட்டிருந்தது. நன்றாக இருப்பதாக நடிக்கிற ஒருவர் ஒரே வீட்டில், எதிர் நாற்காலியில், தினம் டீ குடித்துக்கொண்டிருந்திருக்கிறார். வணங்காத முழங்காலைச் சோம்பல் என்று நினைத்தாள். பேனாவை எடுக்காதபோது திமிர் என்று நினைத்தாள். குனிகிறவன்தான் பொய்யன் என்று இத்தனை காலம் தீர்ப்பு எழுதியவளுக்கு, குனியாதவரின் பொய் பிடிபடவே இல்லை. எக்ஸ்ரேயாம் எக்ஸ்ரே.

அவர் சொன்னதைக் கேட்டதும் முதலில் வந்த நினைப்பு அவர் பயந்த அதே நினைப்புதான்: டிக்கெட்டை ரத்து செய்துவிட வேண்டும். அடுத்து மகளின் முகம் வந்தது. இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு, படி ஏறி, கதவைத் திறந்து, ஹாலில் நின்றாள். போவதும் போகாமல் இருப்பதும் இனிமேல் இந்த மனிதரின் ஒரு ஜோடிக் காலில் இருக்கிறது. ஒருவர் சொல்வதை அப்படியே நம்பி அவளுக்குப் பழக்கமில்லை. தூக்கி நிறுத்திப் பாழாக்கியதும் அவள்தான். ஆக, பார்த்துவிடுவது ஒன்றே வழி.

"எங்க விழுந்தீங்க?"

சோபாவுக்கும் சாப்பாட்டு மேஜைக்கும் நடுவே காட்டினார்.

"உங்க போனை மேஜை மேல வைங்க. அதே எடத்துல படுங்க."

அவருக்குப் புரிந்தது. சிரிக்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை. சோபாவைப் பிடித்து, முழங்காலை ஊன்றி, தட்டுத்தடுமாறி இறங்கி, பக்கவாட்டில் சரிந்து, மல்லாந்தார். கூரையில் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அவள் படுக்கையறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். பார்த்துக்கொண்டு நின்றால் கை சும்மா இருக்காது என்று அவளுக்குத் தெரியும்.

தன் போனை எடுத்து அவருடைய எண்ணை அழுத்தினாள்.

கதவுக்கு அந்தப் பக்கம் மணி அடித்தது. ஏதோ தரையில் உரசும் சத்தம். பிறகு தொப்பென்று ஒரு சத்தம். அவள் கை கதவுப் பிடிக்குப் போனது. அந்தக் கையை இன்னொரு கையால் பிடித்து முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள். மணி அடித்து ஓய்ந்தது. மறுபடி அழுத்தினாள். அன்றைக்கும் இப்படித்தான் எடு, எடு என்று பல்லைக் கடித்துக்கொண்டு அடித்திருந்தாள், சந்தேகத்தோடு. மூச்சு வாங்குகிற ஓசை கதவு வழியாகவே கேட்டது. ஒரு நாற்காலி நகர்ந்தது. சும்மா நிற்பதற்கு ஒரு ஆளுக்குக் கூலி கொடுக்கலாம், தாராளமாகக் கொடுக்கலாம் என்று அவளுக்கு அந்தக் கதவுக்குப் பின்னால்தான் பட்டது. உலகத்தில் அதைவிடக் கஷ்டமான வேலை கிடையாது. ஓடிப்போய்த் தூக்கிவிட யாராலும் முடியும்.

மணி ஓயப் போகிற நேரம். சட்டென்று நின்றது.

"ஹலோ" என்றார். ஓடி வந்தவர் மாதிரி இரைத்தது. நின்றுகொண்டு பேசுகிற குரல்.

அவளுக்குக் கண் நிறைந்து வழிந்தது. துடைத்துக்கொள்ளாமல், அன்றைக்குக் கேட்ட அதே கேள்வியை, அதே அதட்டலோடு கேட்டாள்.

"எங்க இருந்தீங்க இவ்வளவு நேரம்?"

"கீழ விழுந்து கெடந்தேம்மா" என்றார். "அப்பவே எழுந்திருப்பேன். சோபாவுக்கு அடியில உன் பேனா கெடந்துச்சு, அதை எடுத்துக்கிட்டு வர நேரமாயிடுச்சு."